ஒரே தொட்டியில் ஆறு டாரண்டுலா வளர்க்கலாமா? விற்கிறவர் சொல்லாத கணக்கு

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்துறை அதிகாரிகள் ஒரு பார்சலைப் பிரித்தார்கள். போலந்திலிருந்து விருதுநகர் மாவட்டத்து முகவரி ஒன்றுக்கு வந்தது அது. உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 குட்டி பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து டாரண்டுலா வகைகள் என்று அடையாளம் கண்டார்கள். முறையான இறக்குமதி ஆவணம் இல்லை, அதனால் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பும் முடிவு.

அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரையும் போல நானும் 'அடப்பாவி, 107 சிலந்தியா!' என்றுதான் நினைத்தேன். இப்போது திரும்பப் படிக்கும்போது கண்ணில் படுவது வேறு விஷயம். குப்பிகளும் 107.

யோசித்துப் பாருங்கள். கடத்தல்காரருக்கு இடம்தான் காசு. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தால் பார்சல் சின்னதாகியிருக்கும், எடையும் குறைந்திருக்கும், மாட்டியிருக்கவும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி, தனிப் பஞ்சு. காரணம் எளிது. ஒன்றாகப் போட்டால் போய்ச் சேரும்போது 107 இருக்காது.

சட்டத்துக்கு வெளியே விற்கிற ஆளுக்கே தெரிந்த இந்த விஷயம், சட்டப்படி வாங்கும் பலருக்கு ஏன் தெரியாமல் போகிறது? இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம். இன்னொரு காரணம், என் கல்லூரி நண்பன்.

அவன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே டாரண்டுலா வளர்ப்பது நம்மூரில் மீன் தொட்டி வைப்பது போல ஒரு பொழுதுபோக்கு. கண்காட்சிகள் நடக்கும், சின்னச் சின்ன டப்பாக்களில் வரிசையாக வைத்து விற்பார்கள். போன தீபாவளி சமயம் வீடியோ காலில் புத்தக அலமாரியைக் காட்டினான். நடுத்தட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டை, ஒரு பிளாஸ்டிக் செடி. "மச்சி, இது நம்ம ஊரு சிலந்திடா. ஆறு பேரு. ஒரே முட்டைப் பையிலேர்ந்து வந்த அண்ணன் தம்பிங்க. சேந்துதான் வாழுமாம், தனியா விட்டா பாவமாம்."

'நம்ம ஊரு சிலந்தி' என்று அவன் சொன்னது உண்மைதான். அவன் வாங்கியது போசிலோதீரியா ரெகாலிஸ். இந்தியக் காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் வகை. 'பாவமாம்' என்பதுதான் இடித்தது.

சேர்ந்து இருப்பதும் சேர்ந்து வாழ்வதும்

டாரண்டுலாவுக்கு எட்டுக் கண்கள். ஆனால் பார்வை மோசம். அதன் உலகம் அதிர்வுகளால் ஆனது. கால்களில் உள்ள நுண்ணிய முடிகளும் உணர்வு உறுப்புகளும்தான் அதற்குக் கண், காது எல்லாம். தன்னைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று அருகில் நகர்ந்தால் அது உணவு. பெரிதாக ஏதோ நகர்ந்தால் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே 'இது என் தம்பி' என்று ஒரு பெட்டி அதன் மூளையில் இருக்கிறதா? சில வகைகளில் ஓரளவு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் சின்ன வயதைத் தாண்டியதும் அது மூடிவிடுகிறது.

ஒரே முட்டைப் பையிலிருந்து வந்த குஞ்சுகள் முதல் சில வாரங்கள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பிறகு கலைந்து போகும். பசிக்கிறது, வேட்டையாடும் வயசு வந்துவிட்டது, பக்கத்தில் அசைவது எல்லாம் சாப்பிடத் தகுந்த அளவில் இருக்கிறது. கலையாமல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டில் கலைந்து போக இடம் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் கண்ணாடிதான் இருக்கிறது.

"ஆனா ஒண்ணை ஒண்ணு ஒரசிக்கிட்டு உக்காந்திருக்கே, அடிச்சுக்கலயே" என்றான் நண்பன். கூட்டமாக வளர்ப்பவர்கள் எல்லோரும் காட்டும் காட்சி இதுதான். ஒரு மரப்பட்டையில் கால் மேல் கால் பட நான்கைந்து சிலந்திகள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் சகிப்பு. வயிறு நிறைந்திருக்கிறது, ஆளுக்கு ஆள் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒளிய நல்ல இடம் அது ஒன்றுதான் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சண்டை நடக்காது. மூன்றில் ஒன்று மாறினால்?

மாறியே தீரும். ஏனென்றால் டாரண்டுலா சட்டை உரிக்கும்.

மல்லாந்து படுத்திருக்கும் அந்த நேரம்

சிலந்திக்கு எலும்பு வெளியே இருக்கிறது. வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். குஞ்சுகள் வருடத்துக்குப் பல முறை உரிக்கும், வளர்ந்த பெண் சிலந்தி ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை. பல வகைகள் இதற்கு மல்லாந்து படுத்துக்கொள்ளும். முதல்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து, ஒவ்வொரு காலாக உருவி வெளியே வரும். வந்த பிறகும் உடம்பு மெத்தென்று இருக்கும். கொடுக்குப் பல் வெள்ளையாக, எதையும் கடிக்க முடியாத அளவுக்கு மென்மையாக இருக்கும். இறுகச் சில நாட்கள் ஆகும், பெரிய சிலந்திக்கு இன்னும் அதிகம்.

தனியாக வளர்ப்பவர்கள் இந்த நேரத்தில் தொட்டிக்குள் ஒரு சின்னக் கரப்பான் கூட விட்டுவைக்க மாட்டார்கள். கரப்பானே கடித்துக் குதறிவிடும் என்பதால்தான். அதே தொட்டியில் பசித்த ஐந்து டாரண்டுலாக்கள் இருந்தால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொன்று. ஆறும் ஒரே நாளில் உரிக்காது. முதலில் உரிப்பது மற்றவற்றைவிட ஒரு சுற்று பெரிதாகிவிடும். சாப்பாட்டுக்கு முந்தும். இன்னும் பெரிதாகும். ஒரே அளவில் வாங்கிப் போட்ட அண்ணன் தம்பிகள் சில மாதங்களில் ஒன்று பெரியது, ஒன்று சோனி என்று ஆகிவிடும். 'ஒரே அளவில் இருந்தால் பிரச்சினை இல்லை' என்பது வாங்கிய நாளுக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை.

ஆண், பெண் கணக்கும் உண்டு. குஞ்சாக வாங்கும்போது எது ஆண், எது பெண் என்று சொல்வது கஷ்டம். ஆண்கள் சீக்கிரம் முதிர்ந்து, அதன் பிறகு அதிகம் போனால் ஓரிரு வருடங்களில் செத்துவிடும். பெண்கள் பல வருடங்கள் வாழும். கூட்டத் தொட்டியில் ஒரு ஆண் காணாமல் போனால் வயசானதா, வயிற்றுக்குள் போனதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருக்காது. மிச்சமிருப்பவை நன்றாகத்தானே இருக்கின்றன!

இதுதான் என் முக்கியமான புகார். கூட்டத் தொட்டி வீடியோக்களில் தொடக்கத்து எண் இருக்கும். 'பத்து குஞ்சுகள் விட்டிருக்கிறேன்' என்பார்கள். ஒரு வருடம் கழித்து வரும் வீடியோவில் 'கூட்டம் நன்றாக இருக்கிறது' என்று இருக்கும். எத்தனை என்று இருக்காது. நம்மூர் சீட்டுக் கம்பெனி விளம்பரத்தில் இப்படி ஒரு எண் விட்டுப்போனால் உடனே உஷாராகிவிடுவோம், இல்லையா?

நிஜமாகவே கூட்டாக வாழும் சிலந்தி எப்படி இருக்கும்?

உலகில் 50,000-க்கு மேல் சிலந்தி இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் நிரந்தரமாகக் கூட்டாக வாழ்பவை 20 முதல் 25 வரைதான். அதில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கிராமத்துப் பக்கம் முள்வேலியில், கருவேல மரத்தில், தூசி படிந்த பஞ்சு மூட்டை போல ஒரு கூடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்ற சின்னச் சிலந்தியின் வேலை அது. உள்ளே சில சமயம் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரே வலை. பெரிய வெட்டுக்கிளி மாட்டினால் பல சிலந்திகள் சேர்ந்து இழுத்து வரும், சேர்ந்து சாப்பிடும். குஞ்சுகளைச் சேர்ந்து வளர்க்கும். கடைசியில் தாயின் உடலே குஞ்சுகளுக்கு உணவாகும். குடும்ப சீரியல் பாசத்தை இங்கேயும் தேட வேண்டாம். ஆனால் இது ஒரு அமைப்பு. பரிணாமம் பல தலைமுறைகளாகக் கட்டிய அமைப்பு. தனியாக இருந்தால் இந்தச் சின்னச் சிலந்திகளால் அவ்வளவு பெரிய இரையைப் பிடிக்க முடியாது. கூட்டாக இருப்பதில் ஒவ்வொன்றுக்கும் லாபம்.

டாரண்டுலாவுக்கு அந்த லாபம் என்ன? தனியாகவே தன் இரையை அடித்துச் சாப்பிடும் பலம் அதற்கு உண்டு. கூட்டு வலை இல்லை, கூட்டு வேட்டை இல்லை. அப்படியானால் 'தனியா விட்டா பாவம்' என்பது யாருக்குப் பாவம்? நாய், பூனை, கிளி வளர்த்த பழக்கத்தில் வரும் நம்முடைய உணர்ச்சி அது. தனியாக இருக்கும் டாரண்டுலா தனிமையில் வாடுவதில்லை. அது நிம்மதியாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். போசிலோதீரியா காட்டிலேயே ஒரே பொந்தில் ஒன்றுக்கு மேல் இருப்பதைப் பார்த்திருக்கிறார்களே? ஆமாம். தாயும் குஞ்சுகளும் சில காலம் ஒரே பொந்தில் இருக்கும். விற்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் பழைய மரத்தில் நல்ல பொந்து கிடைப்பது சென்னையில் தண்ணீர் வரும் வாடகை வீடு கிடைப்பது மாதிரி. கிடைத்த பொந்தை விடாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஒத்துவராவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். கதவு திறந்தே இருக்கிற வீட்டில் சேர்ந்து இருப்பதை வைத்து, பூட்டிய அறைக்குள் சேர்ந்து இருப்பதை நியாயப்படுத்த முடியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. ஏமன் நாட்டுக்குச் சொந்தமான சொகோட்ரா தீவில் வாழும் மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபோரி. நீலக் கால்கள், மண் நிற உடல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'கூட்டமாக வளர்க்கலாம்' என்று சொன்னால் முதலில் வரும் பெயர் இதுதான். தாய் சிலந்தி குஞ்சுகளுடன் நீண்ட நாள் இருப்பதையும், வளர்ந்த பெண்கள் ஒரே வலைக்குள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்வதையும் பல வளர்ப்பாளர்கள் வருடக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அனுபவமுள்ள ஒருவர், ஒரே முட்டைப் பையின் குஞ்சுகளை, நிறைய மண்ணும் மறைவும் தீனியும் கொடுத்து வளர்த்தால் அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அந்தத் தொட்டிகளிலும் இழப்பு நடக்கிறது, அதையும் அவர்களே சொல்கிறார்கள். எண்ணோடு சொல்பவர்களை நான் மதிக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், ஒரு இனத்தில் ஓரளவு நடந்ததை வைத்து மற்ற எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். டாரண்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள். அதில் ஒன்று சேர்ந்து இருக்கிறது என்பதால் இன்னொன்றும் இருக்கும் என்பது, காகம் கூட்டமாக இருப்பதால் கழுகையும் கூட்டமாக அடைக்கலாம் என்பது போல.

இன்னும் ஒரு சிக்கல், மனிதனுக்கு. போசிலோதீரியாவும் பால்ஃபோரியும் அமெரிக்க டாரண்டுலாக்களைப் போல அரிப்பு முடியை உதறி எச்சரிக்கும் ரகம் இல்லை. அந்த முடியே இவற்றுக்குக் கிடையாது. இருப்பது வேகமும் கடியும்தான். போசிலோதீரியா கடித்தவர்களுக்கு நாள் கணக்கில் தசை பிடித்து இழுக்கும் வலி வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு சிலந்தி உள்ள தொட்டியைத் திறக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம். ஆறு இருந்தால் ஐந்தைப் பார்ப்பீர்கள். ஆறாவது மூடிக்கு அடியில் இருக்கும்.

நம்ம ஊரு சிலந்தி

போசிலோதீரியா பேரினத்தில் சுமார் 15 இனங்கள். எல்லாமே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்பவை. சேலம் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம் தீவின் தோப்புகளில் வாழும் ஒன்றுக்கு, அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே வைத்து 2004-இல் ஹனுமவிலாசுமிகா என்று பெயரிட்டார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. ஆந்திராவின் குத்தி ஊரில் 1899-இல் முதலில் பதிவான அந்தப் பளீர் நீலச் சிலந்தி, நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் 2001-இல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கிடைத்தது. இன்று அதுவும் அழிவின் விளிம்பில். ஆனால் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தையில் அதன் குஞ்சுகளைச் சாதாரணமாக வாங்கலாம். அங்கேயே இனப்பெருக்கம் செய்தவை என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் முதல் ஜோடி எப்படி விமானம் ஏறியது என்று யாரும் கேட்பதில்லை.

2019-இல் இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து, இந்தப் பேரினம் முழுவதும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதாவது, உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வியாபாரம் செய்யக் கூடாது. 2022-இல் திருத்தப்பட்ட நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சைட்ஸ் பட்டியல் உயிரினங்களை உள்ளே கொண்டுவந்துவிட்டது. 'தோட்டத்துல பிடிச்சேன் ப்ரோ' என்று போசிலோதீரியாவை டப்பாவில் போட்டு ஸ்டோரி போடுபவர்கள் கவனிக்கவும்.

இதற்கும் கூட்டத் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதே 2022-இல் வெளியான ஒரு ஆய்வு, இணைய விற்பனைப் பக்கங்களையும் வர்த்தகப் பதிவுகளையும் அலசி, சிலந்தி, தேள் வகையில் 1,264 இனங்கள் வியாபாரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. டாரண்டுலா இனங்களில் பாதிக்கு மேல் அதில் அடக்கம். இப்படிப்பட்ட சந்தையில் 'தனியாக வாங்காதீர்கள், ஆறாக வாங்குங்கள்' என்பது விற்பவருக்குக் கசக்குமா? ஒரு சிலந்தி விற்க வேண்டிய இடத்தில் ஆறு விற்கிறது. நாலு செத்தால் 'இயற்கை' என்று சொல்லிவிடலாம், புதுசாக வாங்கிச் சேர்க்கவும் சொல்லலாம். அந்தக் கடைசி ஆலோசனைதான் மிக மோசம். ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்குள் புதிதாக விடப்படும் சிலந்தி, பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாடு.

ஏற்கெனவே கூட்டமாக வைத்திருப்பவர்கள் யாராவது படிக்கிறீர்கள் என்றால், ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எப்போதும் மறைவுக்கு வெளியே, கண்ணாடி மூலையில் ஒண்டிக்கொண்டு ஒன்று இருக்கிறதா? 'இவன் தைரியசாலி, வெளியேவே இருப்பான்' என்று பெயர் வைத்திருப்பீர்கள். உள்ளே இடம் கொடுக்காமல் துரத்தப்பட்டது அது. முதலில் அதை எடுத்துத் தனி டப்பாவில் விடுங்கள்.

நண்பன் கதைக்கு வருகிறேன். மார்ச்சில் பேசியபோது, "ஆறும் சூப்பரா இருக்கு" என்றான். எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டேன். ராத்திரி டார்ச் அடித்து மரப்பட்டைக்குள் தெரியும் கால்களையும் முதுகையும் எண்ணுவானாம். தரையில் அவ்வப்போது சின்னக் கறுப்பு உருண்டைகள் கிடக்கும், கரப்பான் மிச்சம் என்று இடுக்கியால் எடுத்துப் போட்டுவிடுவானாம்.

மே மாதம் தொட்டியைச் சுத்தம் செய்ய மரப்பட்டையை வெளியே எடுத்திருக்கிறான். உயிரோடு நாலு. மற்ற இரண்டும் உரித்துப் போட்ட சட்டைகள். சிலந்தியின் சட்டை அப்படியே சிலந்தி மாதிரியே இருக்கும், எட்டுக் கால், முடி எல்லாவற்றோடும். இவன் எத்தனை வாரமாக வெறும் தோலை எண்ணிக்கொண்டிருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கறுப்பு உருண்டைகளில் எது கரப்பான், எது தம்பி என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் பேசினான். "வித்தவர் பொய் சொல்லலடா, அவரும் நம்பிதான் சொல்லிருப்பார்" என்று அவனே சமாதானமும் சொல்லிக்கொண்டான். இருக்கலாம். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அலமாரியில் நாலு தனி டப்பா. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசியாகச் சட்டை உரித்த தேதியை எழுதியிருக்கிறான். வீடியோ எடுக்க ஒன்றுமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறான், பகல் முழுக்க நாலும் மரப்பட்டைக்குப் பின்னால்தானாம். போன வாரம் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: "நாலும் சாப்ட்டுச்சு மச்சி."